அண்ணிக்கு நான் அடித்த கண்ணீர் அஞ்சலி

செத்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பது எங்கள் ஊரில் ஒரு விஷயமே இல்லை. செஞ்சி கூட்ரோட்டுச் சுவர் ஒரு நாள் காலியாக இருந்தால்தான் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். ஆனால் உயிரோடு இருக்கிறவளுக்கு, அதுவும் நம் வீட்டு அடுப்படியிலேயே நின்று தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறவளுக்கு, ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டவைத்த ஆள் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான். அந்தப் புண்ணியவதி நான்தான். செத்துப்போனதாக அறிவிக்கப்பட்டவர் என் அண்ணி செல்வி. காரணம், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட ஒரு நாவல்.

நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். கதாநாயகியின் பெயரையும் சொல்லமாட்டேன். கடைசியில் அவள் செத்துப்போகிறாள் என்பதை இந்தக் கட்டுரையில் நான் சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் அதைப் பாதியில் வைத்திருப்பவராக இருந்தால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு? (இருக்கிற பாவமே போதும்.)

அப்போது நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பது கௌரவமான வார்த்தை. சிங்கவரத்து வீட்டில் படுத்துக்கொண்டு புத்தகம் படித்தேன், அண்ணி சுட்டுப் போட்டதைத் தின்றேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும் தலையை வாரிக்கொண்டு செஞ்சிக்குப் போவேன். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தணிகாசலம் சார் வீட்டு மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். வட்டம் என்றால் நான்கு பேர். சார், லைன்மேன் முருகண்ணன், ஒரு நர்ஸ் அக்கா, நான். வாரம் ஒரு அத்தியாயம். ஒருவர் உரக்கப் படிக்க, மற்ற மூன்று பேர் முறுக்கு தின்றுகொண்டே கேட்போம்.

அந்த நாவல் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில் பிறந்து, முன்பின் தெரியாதவனுக்கு வாக்கப்பட்டுப் போனவள். அவள் மாமியாரிடம் முதல்முறையாக “முடியாது” என்று சொன்ன அன்றைக்கு நர்ஸ் அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். புருஷன்காரன் அவள் எழுதிய கடிதங்களை எடுத்து அடுப்பில் போட்ட அத்தியாயத்தில் முருகண்ணன் கொதித்துப்போனார்.

“அந்தாள மட்டும் நம்ம ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணி உடுங்க சார். பீஸைப் புடுங்கி ஒரு மாசம் இருட்டுல ஒக்கார வெக்கிறேன்.”

(அந்தக் காலத்தில் அந்த ஊரில் கரண்டே கிடையாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.)

புத்தகத்தில் படம் எதுவும் கிடையாது. ஆளாளுக்கு ஒரு முகம் வைத்துக்கொண்டிருந்தோம். என் மனசில் அவளுக்கு இருந்தது என் அண்ணியின் முகம். அதே அகலமான நெற்றி, சிரிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிற அதே பழக்கம். அவள் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுத பக்கங்களைக் கேட்டுவிட்டு வந்தால், இரவு அண்ணிக்குப் பாத்திரம் கழுவிக் கொடுப்பேன். அண்ணிக்கு ஏன் எதற்கென்றே புரியாது. “இன்னாடி, காசு எதுனா வேணுமா?” என்பார்.

கடைசி அத்தியாயத்தை சார்தான் படித்தார். அவள் காய்ச்சலில் போனாள். எத்தனையோ பேருக்குச் சாவுத் தந்திகளைக் கை நடுங்காமல் கொடுத்த மனுஷன், அந்தக் கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நர்ஸ் அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினார். நான் அழுத அழுகைக்குக் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன என்று கேட்டார்கள்.

“பாவம்மா, அங்க அவளுக்கு நல்லதா நாலு வார்த்தை பேசக்கூட நாதி இல்ல,” என்றார் சார். “நாமளாவது எதுனா செய்யணும்.”

அடுத்த ஞாயிறு நினைவேந்தல் கூட்டம் என்று முடிவாயிற்று. சும்மா ஒரு போஸ்டர் அடித்து மாடியில் மாட்டலாம் என்றேன். யார் போய் அடிப்பது என்று கேட்பதற்கு முன்னால் கையைத் தூக்கியதும் நானேதான்.

இந்த இடத்தில் அண்ணியின் அப்பாவை, அவர் வாயில் நைனாவை, பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மாமா முறை. அவலூர்பேட்டையில் இரண்டு ஏக்கர் மல்லாட்டை போடுகிறவர் (வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் அதற்கு அந்தப் பெயர்). நாலு மாதம் முன்புதான் அவருக்கு நெஞ்சுவலி வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். “அதிர்ச்சியான செய்தி எதுவும் சொல்லிடாதீங்க” என்று டாக்டர் சொன்னதை எங்கள் இரண்டு குடும்பமும் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. பங்காளி வீட்டுச் சாவைச் சொல்லவில்லை. போர்வெல்லில் மோட்டார் எரிந்ததைச் சொல்லவில்லை. மாடு கன்று போட்ட நல்ல செய்தியைக்கூட இரண்டு தவணையாகத்தான் சொன்னார்கள். மனுஷர் எதைக் கேட்டாலும் எல்லாரும் பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை செஞ்சியில் போஸ்டர் அடிக்கிற ஏழுமலை அண்ணன் கடைக்குப் போனேன். டிசைன், பிரிண்ட், ராத்திரியில் கொண்டுபோய் ஒட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. போனில் இருந்த அண்ணியின் கல்யாண போட்டோவைக் காட்டினேன். அவர் சட்டென்று எழுந்து நின்று கைகூப்பினார்.

“இது நெஜமா செத்தவங்க இல்லண்ணா...” என்று ஆரம்பித்தேன்.

“எல்லாரும் மொதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க. மனசு ஒத்துக்காது. நீ தண்ணி குடி.”

“அய்யோ, இது கதையில வர்ற...”

“எப்படி ஆச்சு, ஏன் ஆச்சுன்னு நான் கேக்கவே மாட்டம்மா. இந்தத் தொழில்ல அதக் கேக்கக்கூடாது.”

ஒரு வருஷம் அவளுக்காக அழுதவளுக்கு அந்த மரியாதை உள்ளுக்குள் பிடித்திருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். மேற்கொண்டு நான் விளக்கவில்லை. முகம் அப்படியே தெரியக் கூடாது, பழங்காலத்து ஓவியம் மாதிரி மாற்றி, கழுத்துவரை மூடின கவுன் போட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பெயர் போட வேண்டாம், ‘எங்கள் அன்புக்குரியவள்’ என்று போதும் என்றேன். (கூட்டத்துக்குப் புதிதாக யாராவது வந்து, அவர்கள் நாவலைப் படிக்காமல் இருந்தால் முடிவு தெரிந்துவிடுமே என்று எனக்குக் கவலை. என் அறிவை என்ன சொல்ல!)

“அம்பது அடிச்சிடறேன். அதுக்குக் கம்மியா மிஷின்ல போடறதில்ல. ஒட்டறதும் அதுலயே சேர்த்தி,” என்றார் ஏழுமலை அண்ணன்.

மாடியில் எப்போதும் நான்கே பேர் உட்கார்ந்து முறுக்கு தின்பது என் நினைவுக்கு வந்தது. ஊரில் பத்து இடத்தில் ஒட்டினால் கூட்டத்துக்கு ஆள் வரும். சரி, ஒட்டுங்க என்றேன். கிளம்பும்போது போட்டோவை மறுபடி பார்த்துவிட்டு, “லட்சணமா இருக்குது. எந்த ஊருப் பொண்ணு?” என்று கேட்டார்.

“அவலூர்பேட்டை,” என்றேன் பெருமையாக. என் அண்ணியைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பினார். நான் அப்போது அவள் செத்துப்போகிற அத்தியாயத்தை மறுபடி படித்து, கண்ணெல்லாம் கலங்கிக் கிடந்தேன். திறந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு பால் வாங்க ஸ்கூட்டரில் போனேன். பால்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

“நேத்துகூட எங்கிட்ட மோர் வாங்கினு போச்சே! எப்படிம்மா ஆச்சு?”

“யாருக்கு?”

அவர் என் தலைக்குப் பின்னால் கை காட்டினார். திரும்பிப் பார்த்தேன். சுவரில் என் அண்ணி பட்டுப்புடவையில், முழுக் கலரில், தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கண்ணீர் சொட்டுகிற இரண்டு கண்கள். கவுன் இல்லை, ஓவியம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கீழே எறும்பு சைஸ் எழுத்தில் ‘துயரத்துடன் வாசகர் வட்டம்’. அதற்கும் கீழே, முந்தின கஸ்டமருக்கு அடித்ததை அழிக்க மறந்த ஒரு வரி: ‘இறுதி ஊர்வலம் இன்று மாலை 3 மணியளவில் அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்.’

அங்கேயே நின்று போன் போட்டேன். மூன்றாவது தடவை ஏழுமலை அண்ணன் எடுத்தார்.

“அண்ணா, ஓவியம் மாதிரி மாத்தச் சொன்னேனே!”

“மாத்திப் பாத்தேம்மா. கவுன் போட்டா பேய் மாதிரி இருந்துது. குடும்பத்துக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு ஒரிஜினலே வெச்சுட்டேன்.”

“எங்கெங்க ஒட்டியிருக்கீங்க?”

“பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் கமிட்டி, கூட்ரோடு, உங்க ஊரு. அப்பறம் அவலூர்பேட்டையில பத்து.”

“அவலூர்பேட்டையிலயா!”

“பின்ன? தாய்வூட்டுப் பக்கம் ஒட்டாம உட்டா நாளைக்குப் பிரச்சனை வரும்மா. எனக்குத் தெரியாதா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை. மல்லாட்டை விலை பார்க்க மார்க்கெட் கமிட்டிக்கு வருவதற்காக மாமா முதல் பஸ் ஏறுகிற நாள். நாலு மாதமாக ஒரு இருமலுக்குக்கூடப் பொத்திப் பொத்தி வைத்திருந்த நெஞ்சுக்கு நேராகப் பத்து போஸ்டர். பால் பாத்திரம் கையிலிருந்து நழுவியது. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் நினைத்தேன். மாமாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

வீட்டுக்குப் பறந்தேன். வாசலில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் வண்டியோடு நின்றிருந்தார். பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணனின் கையில் யாரோ ஒரு ரோஜா மாலையைத் திணித்திருந்தார்கள். அண்ணன் வாயில் நுரையோடு மாலையையும் ஐஸ் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிற்கவில்லை. கொல்லைப்புறம் ஓடினேன். அண்ணி முகம் முழுக்க மஞ்சள் பூசி, எண்ணெய் தேய்த்த தலையை விரித்துப்போட்டு, நைட்டியோடு வெந்நீருக்கு நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணி, வண்டியில ஏறுங்க.”

“இந்தக் கோலத்துலயா? அறிவு இருக்குதா உனக்கு?”

“இல்ல அண்ணி. ஏறுங்க. உங்க நைனா பஸ்ல வர்றாரு. வழியில எல்லாம் சொல்றேன்.”

நைனா என்றதும் ஏறிவிட்டார், தோளில் ஒரு துண்டோடு. நெல்லுக் கழனிகளைத் தாண்டிப் போகிற அந்த ரோட்டில் நான் சொல்லச் சொல்ல, பின்னாலிருந்து முதுகில் விழுந்த குத்துகளை எண்ணவில்லை. “எங்க நைனாவுக்கு எதுனா ஆச்சு, உன்ன உயிரோட உடமாட்டேன்” என்று அழுதுகொண்டே குத்தினார். போகிற வழியில் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். செத்தவள் மஞ்சள் முகத்தோடு, விரித்த தலையோடு, அழுதுகொண்டு ஸ்கூட்டரில் போகிறாள். ஒருவர் சைக்கிளை விட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். சிரிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? சிங்கவரத்து ரங்கநாதா, மாமாவை உயிரோடு பஸ்ஸிலிருந்து இறக்கிவிடு, மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். (அப்புறம் நுனி முடி மட்டும் கொடுக்கிற பூமுடியோடு முடித்துக்கொண்டேன். பெருமாளிடமே பேரம் பேசினவள் நான்.)

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நுழையும்போது அவலூர்பேட்டை பஸ் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மாமா இறங்கவில்லை. கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக மாமா இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெஞ்சோடு அணைத்த ஒரு மஞ்சள் பை. எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. சுவர் முழுக்க இருந்த போஸ்டரைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தாகிவிட்டது என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

“நைனா!”

அண்ணி ஓடினார். மாமா நின்றார். மகளை மேலும் கீழும் பார்த்தார். ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டார். விரலில் ஒட்டிய மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆம்புலன்ஸ்! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்டுங்க!” என்று நான் பஸ் ஸ்டாண்டே அதிரக் கத்தினேன்.

“கத்தாதம்மா,” என்றார் மாமா. “ஒக்காரத்தான் ஒக்காந்தேன்.”

அண்ணி அவர் மடியில் விழுந்து அழுதார். பையிலிருந்து ஒரு புதுச்சேலை சரிந்து வெளியே வந்தது. மகள் செத்தால் தாய்வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போர்த்துகிற கோடி அது. கடை திறக்கவில்லை, பொங்கலுக்கு அண்ணிக்கென்று வாங்கி வைத்திருந்ததை எடுத்து வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“எங்க அம்மாவாண்ட சொன்னியா நைனா?”

“சொல்லல. அது தாங்காது.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். “ஒரு மணி நேரம் பஸ்ல யாராண்டயும் பேசாம வந்தேன். ஒரு போனாவது பண்ணிக் கேட்டிருக்கலாம்தான். ஆனா நீங்க எப்பவும்போல ஒண்ணுமில்லன்னு சிரிப்பீங்க. ஒடம்பு சரியில்லாத ஆளுன்னு எங்கிட்ட எதையும் சொல்றதில்ல. எம்பொண்ணு செத்ததையும் மறைச்சுட்டீங்கன்னு நெனச்சேன்.”

“மாமா, தப்பு என்னுதுதான். போஸ்டர் அடிச்சது நான்தான்,” என்று உளறிக்கொட்டினேன்.

“அப்ப செத்தது யாரு?”

“ஒரு கதையில வர்ற பொண்ணு மாமா. வெளிநாட்டுப் பொண்ணு. நல்ல பொண்ணு.”

அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் யோசித்தார்.

“அதுக்கு நைனா இருக்காரா?”

“இருக்காரு. மூணாவது அத்தியாயத்துல கல்யாணம் முடிச்சு வண்டி ஏத்தி உட்டாரு.”

“அவருக்கு யாரு போய்ச் சொன்னாங்க?”

ஒரு வருஷம் வாராவாரம் கூடி, அவளுக்காக அத்தனை அழுத நாங்கள் நான்கு பேரும் அவள் அப்பாவை ஒருமுறைகூட நினைத்ததில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு மாடி கொள்ளாத ஜனம். எல்லாம் செத்துப் பிழைத்த அண்ணியைப் பார்க்க வந்த கூட்டம். அண்ணி அந்தக் கோடிச் சேலையையே கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமாவும் வந்தார். சார் பேசி முடித்ததும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். சார் புத்தகத்தைக் கடைசியிலிருந்து முன்னால் புரட்டினார். நாலு தடவை புரட்டியிருப்பார்.

“எழுதலீங்க. அவரை அப்பறம் எங்கயுமே காணோம்.”

“அப்ப அந்தாளு, பொண்ணு லெட்டர் போடும்னு இன்னும் வாசலைப் பாத்துனு ஒக்காந்திருப்பான்,” என்றார் மாமா.

முப்பத்தைந்து வருஷம் அந்த மாதிரி அப்பன்களைத் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் பார்த்த தணிகாசலம் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முருகண்ணன் முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து ஆறேழு வருஷம் ஆகிறது. நான் இப்போது டீச்சர். ஆனாலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் என்னை ‘போஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணனோடு சண்டை வந்தால் அண்ணி, “நான் ஒரு தடவை செத்தவ, எனக்கு இன்னா பயம்?” என்று ஆரம்பித்துவிடுவார். மாமாவிடம் மட்டும் அன்றோடு யாரும் எதையும் மறைப்பதில்லை. கோழி செத்தாலும் கொழுந்தனார் கடன் வாங்கினாலும் முதல் போன் அவலூர்பேட்டைக்குத்தான் போகும். அவர் பதறாமல், “ம்ம், அப்பறம்?” என்று முழுசாகக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிடச் சொல்வார்.

“ஏம்மா போஸ்டரு, அந்த வெளிநாட்டுப் பொண்ணோட நைனாவுக்குச் சொல்லியாச்சா?”

“இன்னும் இல்ல மாமா,” என்பேன்.

“சொல்லிடும்மா,” என்பார். “பாவம், மனுஷன் தாங்குவான்.”